மொட்டை மாடியில் பூச்சி தின்னும் செடி

பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் வந்த அந்தப் படம் பலருக்கும் நினைவிருக்கும். மூடி போட்ட சொம்பு மாதிரி ஒரு இலை, கீழே நெப்பந்தஸ் என்று பெயர். பக்கத்திலேயே ட்ரொசீரா, யுட்ரிகுலேரியா. பரீட்சையில் இரண்டு மார்க். அதோடு சரி, மறந்தாச்சு.

அந்த இரண்டு மார்க் செடியை வீட்டிலேயே வளர்த்துப் பார்த்தால் என்ன என்று ஒருவருக்கு ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சங்கரன்கோவிலில்! குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆனி, ஆடி மாதத்திலும் இந்த ஊருக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். மலை மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு காற்றை மட்டும் அனுப்பிவிடும். ஆனால் இந்தச் செடிகளோ எப்போதும் கால் நனைந்தபடி சதுப்பில் நிற்பவை.

முதலில் இவை ஏன் பூச்சி தின்கின்றன என்று பார்த்துவிடலாம். பசிக்காக இல்லை. மற்ற செடிகளைப் போல இவையும் வெயிலில்தான் சமைத்துச் சாப்பிடுகின்றன. இவை வளரும் மண்ணில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிடையாது, அந்தக் குறையைப் பூச்சியிலிருந்து சரிக்கட்டிக்கொள்கின்றன. சார்லஸ் டார்வின் இதைப் பற்றி 1875-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். இறைச்சித் துண்டு, முட்டையின் வெள்ளைக்கரு என்று ட்ரொசீரா இலையில் என்னென்னவோ வைத்துப் பார்த்திருக்கிறார் மனுஷர். அவர் மகன் பிரான்சிஸ் டார்வின் 1878-ல், தீனி போட்ட செடி போடாத செடியைவிட நிறைய விதை வைக்கிறது என்று காட்டினார்.

இதில்தான் வம்பே இருக்கிறது. சங்கரன்கோவில் பக்கம் பூ விவசாயம் தெரிந்த ஊர். பிச்சியும் மல்லியும் மார்க்கெட்டில் குவிகிற இடத்தில், செடி வாடினால் என்ன செய்வது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: கொஞ்சம் சாணி எரு, கொஞ்சம் டி.ஏ.பி. பூச்சித்தின்னிச் செடிக்கு அதைச் செய்தால் கதை முடிந்தது. பஞ்ச மண்ணுக்கே பழகிய வேருக்கு உரம் ஒத்துக்கொள்ளாது, கருகிவிடும். கோவில் புற்று மண்ணை நோய் தீர்க்கும் என்று நெற்றியில் பூசி வீட்டுக்கும் கொண்டுபோகிற ஊர் இது. அந்த மண்ணைக்கூட இந்தத் தொட்டியில் போட முடியாது. சத்தே இல்லாத பீட் மண், இல்லையென்றால் உப்பு போகப் பல தண்ணீர் மாற்றிக் கழுவிய தேங்காய் நார்க்கழிவு, அதோடு சுத்தமான மணல். அவ்வளவுதான் கேட்கும்.

வீட்டில் ஆச்சி இருந்தால் இன்னும் ஆபத்து. "பாவம் பிள்ளை, வாடிக் கெடக்கு" என்று பாசத்தோடு அரிசி கழுவின தண்ணியை ஊற்றிவிடுவார்கள். தொட்டியைவிட ஆச்சியைக் கவனிப்பது முக்கியம் :-)

அடுத்தது தண்ணீர். உண்மையில் இதுதான் முதல் பிரச்சினை. போர் தண்ணீர் கொதித்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் தொட்டியிலும் சேரும். வளர்ப்பவர்கள் டி.டி.எஸ். மீட்டரில் 50-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். கேன் தண்ணீரிலும் ருசிக்காகத் தாது உப்பு சேர்ப்பதுண்டு, எனவே மீட்டர் வைத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. மிச்சம் இருப்பது மழைத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் இந்த ஊருக்கு வருஷத்து மழையில் பெரும்பங்கு. முதல் மழையில் மாடித் தூசி போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த மழையை டிரம்மில் பிடித்து மூடி வைத்தால் கோடை வரை ஓட்டலாம். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது மாட்டிய குழாய்கள் எத்தனையோ வீடுகளில் உண்டு. அந்தக் குழாய்க்கு ஒரு வேலை கிடைத்த மாதிரி இருக்கும்.

சரி, எந்தச் செடி? எல்லாரும் முதலில் தேடுவது வீனஸ் ஃபிளைட்ராப். இலைக்குள் உள்ள முடியைச் சுமார் 20 விநாடிக்குள் இரண்டு தடவை தொட்டால்தான் மூடும், ஒரு தடவை தொட்டால் பேசாமல் இருக்கும். மழைத்துளிக்கு ஏமாறாமல் இருக்க இந்த ஏற்பாடு. இயற்கையில் அது வளர்வது அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில் மட்டும். அங்கேயே திருட்டு தாங்காமல் வட கரோலினாவில் 2014-ல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். அந்தச் செடிக்கு வருஷத்தில் மூன்று நான்கு மாதம் குளிர்காலத் தூக்கம் வேண்டும். மார்கழியிலும் மதியம் வெயில் அடிக்கிற ஊரில் அது எப்படித் தூங்கும்? ஒரு வருஷம் பிழைக்கலாம், பிறகு மெலிந்துகொண்டே போகும். நெட்டில் விற்கும் 'ஃபிளைட்ராப் விதை' பாக்கெட்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முளைத்தால் என்ன செடி என்று அப்புறம்தான் தெரியும்.

படத்தில் பார்த்த அந்தச் சொம்பு? இந்தியாவுக்கென்று இருக்கும் ஒரே நெப்பந்தஸ் இனம் மேகாலயா மலைகளில் உள்ள நெப்பந்தஸ் காசியானா. காரோ மக்கள் அதைப் பேயின் கூடை என்று பொருள்படும் பெயரில் அழைக்கிறார்கள். பாக்மாரா என்ற ஊரில் அதற்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. அழிந்துவரும் இனம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தாவரப் பட்டியலில் இருப்பது. காட்டிலிருந்து பறிப்பது குற்றம், உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் விற்பதும் கூடக் குற்றம். யாரோ பறித்து வந்ததை ஆசைப்பட்டு வாங்கினால், மாடியில் ஒரு செடி கூடுவதற்காக மலையில் ஒன்று குறைகிறது. இலங்கையின் மழைக்காடுகளில் பந்துரா என்று ஒன்று உண்டு, நெப்பந்தஸ் டிஸ்டிலேட்டோரியா. அதன் கொடியைக் கட்டுவதற்குக் கயிறாகப் பயன்படுத்துவார்களாம்!

கடைசியில் கைகொடுப்பது படத்தின் ஓரத்தில் இருந்த ட்ரொசீராதான். அதில் பர்மனி என்ற இனம் தமிழ்நாட்டிலேயே வளர்வது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய சிவந்த வட்டம், இலை முழுக்கப் பசைத்துளி. விடியற்காலையில் பார்த்தால் பனி மாதிரி இருக்கும், உச்சி வெயிலிலும் காயாமல் நிற்கும்போதுதான் அது பனி இல்லை என்று தெரியும். சித்த வைத்தியத்தில் அழுகண்ணி என்று சொல்வது இதைத்தான் என்பார்கள் பலர். வேறு செடியைக் காட்டுபவர்களும் உண்டு. வெப்பம் இதற்குப் பிரச்சினை இல்லை. ஒரு தட்டில் மழைத் தண்ணீர், அதில் தொட்டி, நல்ல வெளிச்சம், போதும். சித்திரை மதியத்துக்கு மட்டும் ஒரு வலை நிழல். எறும்போ சின்னக் கொசுவோ ஒட்டினால் ஓரத்து முடிகள் சில விநாடியில் வளைந்து உள்ளே தள்ளிவிடும்.

கொசு என்றதும் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: வீட்டில் கொசு ஒழியுமா? ஒழியாது. நாளுக்கு ஒன்றிரண்டு பிடித்தால் பெரிது. சொல்லப்போனால் மூடாத டிரம்மும், தொட்டிக்குக் கீழே தேங்கிய தட்டும் டெங்குக் கொசுவுக்கு நல்ல வீடு. டிரம் வாயை வலையால் இறுக்கிக் கட்டி, தட்டுத் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கொட்டிக் கழுவ வேண்டும். கொசுப் புழுவைத் தின்பது யுட்ரிகுலேரியா. குளத்திலும் வயல் தண்ணீரிலும் வேரே இல்லாமல் மிதக்கும். குட்டிப் பைகளால் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் உறிஞ்சிவிடும். தண்ணீருக்கு மேலே தெரிவது மஞ்சள் பூ மட்டும்தான், பாசி என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

பர்மனியின் ஆயுசு குறைச்சல். சில மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம். பூத்து, தன் மகரந்தத்திலேயே காய்த்து, தூசி மாதிரிக் கறுப்பு விதைகளை உதிர்த்துவிட்டுச் சாகும். அவற்றை ஒரு காகிதத்தில் தட்டி மடித்து வைத்து, ஈர மண்ணின் மேலே தூவினால் போதும், மூடக் கூடாது. தூவும்போது மாடிக் காற்று மட்டும் வீசாமல் இருக்க வேண்டும். ஆடியில் அதற்கு வாய்ப்பே இல்லை. அதனால் ஐப்பசிக்குக் காத்திருக்கலாம், மழைத் தண்ணீரும் அப்போதுதானே வருகிறது.