அண்ணன் முறை

2019ஆம் ஆண்டு, வங்கியில் நின்றபடி ஒரு படிவம் நிரப்பினேன். பிரான்சுக்குப் பணம் அனுப்பும் படிவம். பணம் எதற்கு என்ற கட்டத்தில் ‘குடும்பச் செலவு’ என்று எழுதினேன். பெறுபவர் என்ன உறவு என்ற கட்டத்தில் ‘சகோதரர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டும் உண்மையல்ல. அதைச் சரிசெய்து முடிக்க எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. வெளிநாட்டில் கம்பெனி தொடங்க ஆசைப்படும் நம் ஊர்ச் சிறுதொழில்காரர்கள் யாரும் அந்தக் கட்டங்களில் அப்படி எழுதிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் தொழில் மேட்டுப்பாளையத்தில். அந்தப் பெயரைக் கேட்டதும் ஊட்டி ரயில் நினைவுக்கு வரும். நான் சொல்வது புதுச்சேரி மேட்டுப்பாளையம். லாரி முனையமும் பிப்டிக் தொழிற்பேட்டையும் இருக்கும் இடம். அங்கே பருத்திப் பைகளும் மெத்தை உறைகளும் தைக்கும் சிறு யூனிட் என்னுடையது. பிரைவேட் லிமிடெட்டாகப் பதிந்தது. பிரான்சில் சில கடைக்காரர்களுக்கு எங்கள் சரக்கு பிடித்திருந்தது. ஆனால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: “சுங்கம், இறக்குமதி வேலையெல்லாம் எங்களால் பார்க்க முடியாது. பிரான்சுக்குள் சரக்கை வைத்து, இங்குள்ள பில்லில் கொடுங்கள், வாங்குகிறோம்.” ஐம்பது பை வாங்கும் கடைக்காரர், அதற்காகச் சுங்கத்தில் எண் வாங்கி, 20 சதவீத வாட் வரிக் கணக்கும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த வேலையைச் செய்ய அங்கே எங்களுக்கு ஒரு கம்பெனி வேண்டும்.

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் சொந்தக்காரர்கள் உண்டு. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. பிரெஞ்சுப் படையில் இருந்த அவருடைய அண்ணன், எங்கள் வீட்டில் ‘சொல்தா தாத்தா’, எழுதிக் கொடுத்தார். அவருடைய பேரன் பாரிஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். எனக்கு அண்ணன் முறை. “உன் பேர்ல போட்டா அந்தக் காகிதம் இந்தக் காகிதம்னு ஆறு மாசம் இழுக்கும். என் பேர்ல போட்டுடலாம் தம்பி, பத்து நாள்ல முடிஞ்சிடும்” என்றார். அவர் மனதில் கள்ளம் இல்லை. என் மனதில்தான் அவசரம் இருந்தது.

அவர் ஒருவரே பங்குதாரர், அவரே நிர்வாகி. ‘ஈ.யு.ஆர்.எல்.’ என்ற வகையில் கம்பெனி பதிவானது. முதலீட்டுக்கும் செலவுக்குமான பணத்தைக் குடும்பச் செலவு என்று சொல்லி மூன்று தடவையாக அனுப்பினேன். சொன்னபடி பத்து நாளில் பதிவு முடிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. ஒரு பைகூட விற்கவில்லை. ஒரு ராத்திரி அண்ணன் போன் செய்தார். சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டச் சொல்லி அவர் பெயருக்குக் கடிதம் வந்திருந்தது. அந்த வகைக் கம்பெனியின் ஒற்றைப் பங்குதாரர் தானே நிர்வாகியாக இருந்தால், சட்டம் அவரைச் சுயதொழில் செய்பவராகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சம்பளமே எடுக்காவிட்டாலும் குறைந்தபட்சச் சந்தா உண்டு. அதே கம்பெனியை ‘எஸ்.ஏ.எஸ்.’ வகையில் பதிந்திருந்தால், சம்பளம் எடுக்காத தலைவருக்கு அந்தச் சந்தா கிடையாது. இரண்டு வகைக்கும் ஒரு யூரோ முதலீடு போதும் என்பதை மட்டும் படித்துவிட்டு, மற்றதைப் படிக்காமல் விட்டவன் நான்.

“கம்பெனி உன்னுதுன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். இந்தக் காகிதத்துக்குத் தெரியலையே தம்பி” என்றார் அண்ணன். பின்னால் அண்ணி பேசுவது கேட்டது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஷிப்டுக்குப் போய்ச் சம்பாதிக்கும் மனிதருக்கு என்னால் கடன் கடிதம் வந்திருக்கிறது. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஆடிட்டரிடம் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “உங்க கூடப் பிறந்த அண்ணனா?” என்றார்.

“இல்லை சார், தாத்தாவோட அண்ணன் பேரன். அண்ணன் முறை.”

அவர் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தைத் திறந்து, உறவினர் என்றால் யார் என்று சொல்லும் பிரிவைக் காட்டினார். தாய், தந்தை, கணவன், மனைவி, மகன், மகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தார். அதோடு பட்டியல் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. நெருங்கிய உறவினரின் பராமரிப்புக்கு என்று பணம் அனுப்பும்போது இந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். நமக்குச் சித்தப்பா மகனும் அண்ணன், பெரிய தாத்தா பேரனும் அண்ணன். கல்யாணத்தில் முன்னால் நிற்பவரும், சாவில் தோள் கொடுப்பவரும் அவர்கள்தான். ஆனால் அந்தப் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. உறவு உண்மையாகவே இருக்கட்டும். அனுப்பியது பராமரிப்புப் பணம் அல்லவே. அந்நியச் செலாவணிச் சட்டத்தில் விதிமீறலுக்கான அபராதம், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். தவறை நாமே ஒப்புக்கொண்டு ரிசர்வ் வங்கிக்கு மனுப் போட்டு, விதிக்கும் தொகையைக் கட்டித் தீர்த்துக்கொள்ளவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. மனுப் போட்டேன்; கட்டினேன். அண்ணன் கட்ட வேண்டியிருந்த சந்தாவையும், அந்தக் கம்பெனியை முறைப்படி கலைக்கும் செலவையும் நானே ஏற்றேன்.

2023இல் மறுபடி தொடங்கினேன். இந்த முறை வந்த ஒவ்வொரு படியையும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதல் வேலை நம் ஊரில்தான். 2022 ஆகஸ்டில் வெளிநாட்டு முதலீட்டுக்குப் புது விதிகள் வந்தன. எங்கள் கம்பெனி இயக்குநர் குழு தீர்மானம் போட்டு, வங்கி வழியாக ‘எஃப்.சி.’ படிவம் கொடுத்தோம். ரிசர்வ் வங்கியிடமிருந்து அந்த முதலீட்டுக்கென்று ஒரு தனி எண் வரும். அந்த எண் வந்த பிறகுதான் பணம் அனுப்ப வேண்டும். அனுப்பியபின், பங்கு நம் கைக்கு வந்ததற்கான சான்றை ஆறு மாதத்துக்குள் வங்கியில் கொடுக்க வேண்டும். அதன்பிறகு ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் கணக்கறிக்கை.

பிரான்சில் உரிமையாளராக எங்கள் புதுச்சேரி கம்பெனியையும், தலைவராக என்னையும் வைத்து எஸ்.ஏ.எஸ். வகையில் ஒரே பங்குதாரர் கம்பெனி. எங்கள் பதிவுச் சான்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரை வாங்கி, நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் பிரெஞ்சில் பெயர்த்தோம். வாடகை முகவரி ஒன்று எடுத்தோம். கஷ்டமெல்லாம் வங்கிக் கணக்கில்தான். முதலீட்டுப் பணம் அங்கே வங்கியில் முடங்கிக் கிடக்கிறது என்ற சான்றிதழ் இல்லாமல் பதிவு இல்லை. ஆளும் முதலீடும் வெளிநாடு என்றால் பணம் எங்கிருந்து வருகிறது என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். இரண்டு இடத்தில் மறுத்தார்கள். வங்கிக்குப் பதில் நொத்தேர் என்னும் ஆவண அதிகாரியிடமும் பணத்தை வைக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த வழியில் போனேன். பிறகு சட்ட அறிவிப்பு வெளியிட்டு, 2023 ஜனவரி முதல் எல்லாத் தொழில் பதிவுக்கும் பொதுவான ஒரே அரசுத் தளத்தில் விண்ணப்பித்தோம்.

அதோடு ஒரு தாள். நான் எந்தத் தண்டனையும் பெற்றவனல்ல என்று உறுதி கூறி, தாய் தந்தை பெயரையும் எழுத வேண்டும். தாயின் பிறப்புக் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நம் அம்மாக்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல்தான். பொய் எழுதிய கை அந்தக் கட்டத்தின் மேல் ரொம்ப நேரம் நின்றது. அம்மாவிடம் போய்க் கேட்டேன். “எங்க அப்பா பேரைத்தான் போடணும்” என்றார். அவருடைய பள்ளிச் சான்றிதழை எடுத்துவந்து, ஓர் எழுத்தாக மட்டும் இருந்த அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி, நான் சரியாக எழுதுகிறேனா என்று பக்கத்தில் நின்று பார்த்தார். முதல் தடவை நான் தட்டிக் கழித்த ஆறு மாத வேலை இதுதான். நான் யார், யார் பிள்ளை, பணம் யாருடையது என்று என் கையால் எழுதிக் கொடுக்கும் வேலை.

350 ஆண்டுகளுக்கு முன் பிரான்சுவா மர்த்தேன் என்னும் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்கு வந்தபோது அவரும் வெளிநாட்டு முதலீட்டாளர்தான். பிரெஞ்சு அமைச்சர் கொல்பேர் 1664இல் தொடங்கிய கம்பெனிக்காக, பீஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோடியிடம் இடம் பெற்றுத்தான் தொழில் நடத்த முடிந்தது. பின்னால் அந்தக் கம்பெனிக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தார். அந்நிய மண்ணில் தொழில் செய்பவனுக்குத் துபாஷி கட்டாயம் வேண்டும். மொழி சொல்ல, வழி காட்ட, யாரிடம் போவது என்று அறிய. அண்ணனை அந்த இடத்தில் வைத்திருக்க வேண்டியவன், என் இடத்திலேயே உட்கார வைத்துவிட்டேன். லாபம் வந்திருந்தாலும் இதே சிக்கல்தான். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போயிருக்கும். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

பதிவு முடிந்ததும் வணிக நீதிமன்றப் பதிவகத்திலிருந்து ‘கபிஸ்’ என்னும் சான்று வந்தது. கம்பெனியின் பிறப்புச் சான்று மாதிரி. அதைக் காட்டினால்தான் முடக்கிய பணம் விடுபடும். எல்லாம் முடிய எட்டு மாதம் ஆனது. கம்பெனி இருப்பதால் அங்கே தங்கும் உரிமை வந்துவிடாது. நான் விசா வாங்கித்தான் போய் வருகிறேன்.

முதல் தடவை போனபோது அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன். பழைய கம்பெனியைக் கலைத்ததற்கான தாளை எடுத்து வைத்திருந்தார். புதுக் கபிஸை அவரிடம் கொடுத்தேன். அதில் தலைவர் பெயருக்குக் கீழே பிறந்த தேதியும் ஊரும் இருக்கும். ‘பொந்திஷெரி, இந்தியா’ என்று வாய்விட்டுப் படித்தார். “இதுல என் பேரு எங்கயும் இல்லையே?” என்று கேட்டார். இல்லை என்றேன். பழைய தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, “வா தம்பி, சாப்பிடலாம்” என்றார். அண்ணி இலை போட்டிருந்தார்.