ஒரே மாத்திரை, இரண்டு உடம்பு



"எனக்கு மூனு வருசமா ஒன்னும் செய்யலையே சேர், அவங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?" பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர் மூட்டு வருத்தத்துக்கு அசாதியோபிரின் என்ற மாத்திரை குடிக்கிறார். அதே லயத்தில் இருக்கும் ஒரு அக்காவுக்குக் குடல் புண்ணுக்காக அதே மாத்திரையை, அதே அளவில்தான் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் தலைமுடி கொத்துக் கொத்தாய் வந்தது. தலையணை முழுக்க முடி. தண்ணி சரியில்லை என்றார்கள், கண்ணூறு என்றார்கள். பிறகு வாய்ப்புண், காய்ச்சல். வாட்டில் சேர்த்தபோது வெண்குழியம் 1,100. சாதாரணமாக 4,000க்கு மேல் இருக்க வேண்டும். பதினோரு நாள் படுத்துக் கிடந்தார். இப்போது மருந்தை மாற்றிவிட்டார்கள், நல்ல சுகம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம் என்றார்.

இரண்டு வாரத்தில் வந்து இரத்தம் சோதிக்கச் சொல்லியிருந்தார்களாம். அவர் போகவில்லை. போனால் ஒரு பேர் போய்விடும், பஸ் காசும் வேறு. மாதக் கடைசியில் ஒரு பேர் குறைந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். மலையில் கான் வெட்டுகிறோம் அல்லவா? எல்லா மலைக்கும் ஒரே மழைதான். கான் அடைபட்ட இடத்தில்தான் மண் சரியும். இந்த மாத்திரையும் அப்படித்தான். உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பங்கு, வேகமாகப் பெருகும் வெண்குழியங்களை அடக்கும் பொருளாக மாறுகிறது. நோய் அடங்குவது அதனால்தான். மிச்சத்தையும் அளவுக்கு மிஞ்சியதையும் வெளியேற்றவும் செயலிழக்கச் செய்யவும் சில நொதியங்கள் இருக்கின்றன. அவைதான் கான்கள். ஒரு நொதியம் பிறவியிலேயே பலவீனமாக இருந்தால் மருந்தின் வேலைப்பொருள் தேங்கும். தேங்கினால் அது என்புமச்சையையே அழுத்தும், புதிய இரத்தக் கலங்கள் உருவாவது நிற்கும். மாத்திரையின் அளவு சரியாக இருந்தும் அந்த உடம்புக்கு அது பல மடங்கு போலாகிவிடும்.

இது புதுக்கதை அல்ல. இந்த மருந்துக் குடும்பத்தை 1950களில் உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் கெர்ட்ரூட் எலியன், ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் இருவரும். 1988இல் நோபல் பரிசு பெற்றவர்கள். 1980இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் வைன்ஷில்பம் என்பவர் 298 பேரின் இரத்தத்தில் டி.பி.எம்.டி என்ற நொதியத்தை அளந்தார். பெரும்பாலானோருக்கு அது நல்ல வேகம், நூறில் பதினொருவருக்கு அரை வேகம், ஏறக்குறைய முந்நூறில் ஒருவருக்கு அறவே இல்லை. அதற்குப் பிறகு மேல்நாட்டில் மருந்து தொடங்கும் முன் இதைச் சோதிக்கும் வழக்கம் வந்தது.

ஆனால் ஆசியாவில் கணக்குச் சரிவரவில்லை. டி.பி.எம்.டி நன்றாக இருந்தவர்களுக்கும் வெண்குழியம் விழுந்தது. 2014இல் கொரிய ஆய்வாளர்கள் இன்னொரு கானைக் கண்டுபிடித்தார்கள். என்.யு.டி.டி.15 என்று பெயர். அதன் குறை ஐரோப்பியரிடம் மிக அரிது. தென்னாசியரில் எட்டுப் பத்துப் பேருக்கு ஒருவர் அதன் ஒரு பிரதியைச் சுமக்கிறார், ஏறக்குறைய இருநூறில் ஒருவருக்கு இரண்டு பிரதியும் குறை. இப்படி உலக மக்களின் மரபணுக்களை ஒப்பிடத் தொகுத்த ஆயிரம் ஜீனோம் திட்டத்தில் இலங்கைத் தமிழர் நூறு பேரளவில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பிரித்தானியாவில் வாழ்பவர்கள், நம் லயத்து ஆட்கள் அல்ல.

இரண்டு பிரதியும் குறையானவர்களுக்குத்தான் முதல் சில வாரத்திலேயே முடி கொட்டுவது. அது இரத்தம் விழப்போகிறது என்பதற்கான அறிகுறி. அந்த அக்காவுக்கு மரபணுச் சோதனை செய்யவில்லை. "இதுவாகத்தான் இருக்கும்" என்று டொக்டர் சொன்னாராம்.

நம் இரு சமூகத்திலும் மச்சான் மச்சாள் கல்யாணம் உண்டு. அதை நான் பிழை சொல்ல வரவில்லை. சொந்தத்துக்குள் முடிக்கும்போது ஒரே குறை இரண்டு பக்கத்திலிருந்தும் பிள்ளைக்கு வந்து சேர வாய்ப்புக் கூடும். ஒருவருக்கு இரண்டு பிரதியும் குறை என்றால் கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்காவது வாய்ப்பு உண்டு. ஆகவே வீட்டில் ஒருவருக்கு இந்த மாத்திரை ஒத்துவராமல் போயிருந்தால், மற்றவர் கிளினிக் போகும்போது அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மஹரகமவில் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தெடுக்கும் பிள்ளைகள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அந்தச் சிகிச்சையில் கொடுக்கும் மெர்கப்டோபியூரினும் இதே குடும்பம்தான்.

மரபணுச் சோதனை நம் கைக்கு எட்டாவிட்டாலும் எப்.பி.சி எட்டும். டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ செய்யலாம். முதல் சில வாரம் அடிக்கடி, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது. அந்த நாளுக்குப் போகும் பேரைப் பற்றிச் சங்கத்து ஆட்கள் தோட்ட நிர்வாகத்தோடு பேசினால் எவ்வளவு நல்லது. கிளினிக் துண்டைக் காட்டினால் அரைப்பேராவது போடக்கூடாதா?

காய்ச்சல், தொண்டை நோ, வாய்ப்புண், திடீர் முடி உதிர்வு, காரணமில்லாத கண்டல் என்றால் அடுத்த கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். பயந்து நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு அது பேராபத்து. நோன்பு காலத்தில் மாத்திரை நேரத்தை மாற்றுவதையும் டொக்டரிடம் கேட்டே செய்யுங்கள்.

யூரிக் அசிட்டுக்கு அலோபியூரினோல் குடிப்பவர்கள் கவனம். அது இன்னொரு கானை அடைத்துவிடும். இரண்டையும் சேர்த்துக் குடிக்க வேண்டி வந்தால் அசாதியோபிரினைக் கால் பங்களவுக்குக் குறைப்பார்கள். ஒரு கிளினிக்கில் கொடுத்ததை மற்றக் கிளினிக்கில் காட்டாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? எல்லா மாத்திரை அட்டையையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

தயவுசெய்து ரிப்போர்ட்டைப் படம் எடுத்து இங்கே கொமென்டில் போடாதீர்கள். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள், டொக்டர் இல்லை.