சாவி ஒரு வீட்டில், நெருப்பு எல்லா வீட்டிலும்!

ஒரு தேவாலயம். அதன் சாவி இருப்பது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கையில். கதவைத் திறப்பதும் பூட்டுவதும் இன்னொரு முஸ்லிம் குடும்பம்! கேட்க வேடிக்கையாக இருக்கிறதல்லவா? ஜெருசலேமில் பல நூற்றாண்டுகளாக இதுதான் வழக்கம். இயேசுவின் கல்லறை இருந்த இடம் என்று கிறிஸ்தவர்கள் நம்பும் திருக்கல்லறைத் தேவாலயம் அது. சாவி ஜூதே குடும்பத்திடம், திறக்கும் பொறுப்பு நுசைபே குடும்பத்திடம்.

உள்ளே கிரேக்கர், கத்தோலிக்கர், அர்மீனியர், காப்டிக், சிரியர், எத்தியோப்பியர் என்று ஆறு சபைகள். யார் எங்கே ஜெபிப்பது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பதற்குக்கூட சண்டை நடந்திருக்கிறது. 1852-ல் ஒட்டோமான் சுல்தான், "இருப்பது இருந்தபடியே இருக்கட்டும்" என்ற பொருளில் ஓர் ஆணை போட்டார். இன்றும் அதுதான் சட்டம். முகப்பு ஜன்னலுக்குக் கீழே ஒரு மர ஏணி நிற்கிறது. யாரும் தன்னிச்சையாக அதை எடுத்துவிட முடியாது!

இத்தனை பிரிவுகளுக்கு நடுவில்தான் ஒரு திருவிழா. கீழைத் திருச்சபைகளின் ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. கல்லறை அறையைச் சோதித்து மெழுகால் முத்திரை வைப்பார்கள். உள்ளூர் அரபுக் கிறிஸ்தவ இளைஞர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, மேளம் தட்டி, அரபியில் முழக்கமிட்டுக்கொண்டே வருவார்கள். விளக்குகள் அணைக்கப்படும். கிரேக்க முதுபெரும் தந்தை கல்லறைக்குள் போவார். வெளியே வரும்போது கையில் நெருப்பு! 33 மெழுகுவர்த்திகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுகள் (இயேசுவின் வயது 33 என்பதால்) ஒன்றிலிருந்து ஒன்று பற்றிக்கொள்ளும். சில நிமிடங்களில் கோயில் முழுக்க வெளிச்சம்.

இது அற்புதமா இல்லையா என்ற விவாதம் பல நூற்றாண்டுப் பழையது. அது இருக்கட்டும். அந்த நெருப்பு விளக்குகளில் ஏறி பெத்லகேமுக்கும் ரமல்லாவுக்கும் போகிறது. விமானம் ஏறி ஏதென்ஸுக்கும் போகிறது. ஆனால் பக்கத்து ஊர்க்காரர் நெருப்பை வாங்கக் கோயிலுக்கு வர முடியுமா? கேள்வி அங்கேதான்.

1948 முதல் 1967 வரை ஜெருசலேம் இரண்டாகக் கிடந்தது. மேற்கே இஸ்ரேல், கிழக்கே ஜோர்டான், நடுவில் முள்வேலி. யூதர்களின் மேற்குச் சுவர் ஜோர்டான் பக்கம். பண்டிகை வரும், போகும். யூதர்கள் சுவரைத் தொட முடியாது. 1967 ஜூன் போரில் கிழக்குப் பகுதியை இஸ்ரேல் கைப்பற்றியது. சில நாட்களிலேயே வந்த அறுவடைப் பண்டிகைக்கு யூதர்கள் கூட்டம் கூட்டமாகச் சுவருக்கு நடந்தார்கள். அவர்கள் நின்ற திடல், அங்கே குடியிருந்த முஸ்லிம்களின் மொராக்கோ குடியிருப்பை இடித்து உண்டாக்கியது. ஒருவருடைய திருவிழா திரும்பி வந்தபோது இன்னொருவருடைய வீடு போயிருந்தது.

முள்வேலி போன பிறகும் பிரிவு போகவில்லை. மேற்குக் கரை மக்கள் ஜெருசலேமுக்குள் வர அனுமதிச் சீட்டு வேண்டும். 2024 ரமலானில் அங்கிருந்து வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அல் அக்ஸா வர ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும் என்றது இஸ்ரேல். தாத்தா போகலாம், பேரன் வீட்டில்! 2022-ல் புனித நெருப்பு விழாவுக்கும் ஆள் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். நெரிசல் பயம் என்றது காவல்துறை. பயம் பொய்யில்லை: 1834-ல் இதே விழாவில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், 2021-ல் மெரோன் மலை யூத விழாவில் 45 பேர் இறந்தார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக வந்தவர்கள் வேறொன்றைக் கேட்டார்கள்: எங்கள் வீதியிலேயே எங்களை நிறுத்தினால் எப்படி?

ஜெருசலேமின் பழைய நகரையும் மதில்களையும் யுனெஸ்கோ 1981-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டே ஆபத்திலுள்ளவை பட்டியலிலும் சேர்த்தது. கல்லுக்குப் பட்டியல் போதும். விழுந்தால் எடுத்துக் கட்டலாம். தோள் மேல் ஏறி நின்று பாடும் பாட்டை எப்படிக் கட்டுவது? அண்ணன் பாடுவதைத் தம்பி பக்கத்தில் நின்று கேட்டால்தான் அது அடுத்த வருஷம் இருக்கும். நான்கு வருஷம் தம்பி வாசலிலேயே நிறுத்தப்பட்டால்?

சாவியை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் திருவிழா நடத்தத் தெரிந்த ஊர் அது. ஒருவரை ஒருவர் நம்பி வாழும் வழி அங்கே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கோயில் கதவு திறக்கிறது. கோயிலுக்கு வரும் வழிகளும் திறக்க வேண்டும், அவ்வளவுதான்...