மூட்டையில என்ன இருக்கு?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர்க்காரர்கள் வளைவுகளை எண்ணுவார்கள். உள்ளூர்க்காரர்களான நாங்கள், வாந்தியெடுக்கும் வெளியூர்க்காரர்களை எண்ணுவோம்!

சின்ன வயசில் அப்பாவோடு பஸ்ஸில் இறங்கும்போது நடந்த ஒரு சண்டை இன்னும் ஞாபகம் இருக்கிறது. எங்களிடம் ரெண்டு மூட்டை. ஒன்றில் அன்னாசி, இன்னொன்றில் மிளகு. கண்டக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "மூட்டையில என்ன இருக்கு? அன்னாசின்னா ரெண்டு ரூபா, மிளகுன்னா அஞ்சு ரூபா" என்றார்.

"மிளகு மூட்டை எடை கம்மிங்களே?"

"விலை ஜாஸ்தியாச்சேண்ணே!"

"எடைக்குக் கேளுங்க, தர்றேன். உள்ளே இருக்கிற பண்டத்துக்கு எதுக்குங்க காசு? சுமக்கிறதுதானே பஸ்ஸு? வித்தா குடுக்கப்போவுது?"

பஸ்ஸே சிரித்தது. ஆனாலும் அஞ்சு ரூபாய் கொடுத்துத்தான் இறங்கினோம். நியாயம் வேறு, லக்கேஜ் டிக்கெட் வேறு!

பிறகு நான் சென்னையில் ஆபீஸ் குமாஸ்தா ஆனேன். 2014 டிசம்பரில், இன்டர்நெட் வழியாகப் பேசினால் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' மக்களிடம் கருத்துக் கேட்டது. 10 லட்சத்துக்கும் மேல் இ-மெயில்கள் குவிந்தன. அதில் ஒன்று அடியேனுடையது. (வாசகம் இரவல், கையெழுத்து சொந்தம்!) 'நெட் நியூட்ராலிட்டி' என்று ஆபீஸே பேசியது. எனக்கு அந்தக் கண்டக்டர்தான் கண்ணில் நின்றார்.

2016 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். சில குறிப்பிட்ட தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்காக ஃபேஸ்புக் முழுப்பக்க விளம்பரங்கள் கொடுத்த சமயம் அது. நான் அதை எதிர்த்துப் பிரசங்கம் செய்ய, தம்பி எகிறினான்.

"சும்மா தர்றேங்கிறான், உனக்கு என்னண்ணே வலிக்குது? நீ ஆபீஸ் காசுல நெட் பாக்குறே. இங்க ரீசார்ஜுக்கு யாரு குடுப்பா? ஒண்ணுமே இல்லாததுக்கு அதாவது கிடைக்கட்டுமே!"

எனக்குப் பதில் வரவில்லை. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்ததே! திண்ணையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"அந்த ஓசி பஸ்ஸு சோளக்காடு சந்தைக்குப் போகுமாடா?"

"அவங்க லிஸ்ட்ல இருந்தாத்தான் போகும்பா."

"அப்ப அது பஸ்ஸு இல்லடா, கல்யாண வேன். சும்மாதான் ஏத்துவாங்க. மண்டபத்துலதான் எறக்குவாங்க!"

2016 பிப்ரவரி 8-ம் தேதி டிராய் உத்தரவு வந்தது. எந்தத் தளத்தைப் பார்த்தாலும் ஒரே கட்டணம்தான். மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். எதையும் தடுக்கவோ, வேகத்தைக் குறைக்கவோ கூடாது என்ற கொள்கையை 2018-ல் மத்திய அரசும் ஏற்றது. அமெரிக்காவிலோ 2015-ல் விதி வந்து, 2017-ல் போய், 2024-ல் திரும்ப வந்து, 2025 ஜனவரியில் கோர்ட்டில் விழுந்தது. எங்க மலைப் பாதையில்கூட அத்தனை வளைவு கிடையாது!

ஆனால் தம்பி கேட்ட கேள்விக்கு இந்த உத்தரவு பதிலாகவில்லை. டேட்டா விலையை இறக்கியது, 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் நடந்த போட்டி. சட்டம் எல்லா மூட்டைக்கும் ஒரே நியாயம் சொல்லும்; ரோடு போட்டுத் தராது. இன்றும் எங்க வீட்டில் சிக்னல் வேண்டுமென்றால் பலா மரத்தடிக்குத்தான் போக வேண்டும்.

சண்டையும் தீர்ந்தபாடில்லை. வீடியோ தளங்கள்தான் பெரும் பாரம் ஏற்றுகின்றன, அவர்களும் பங்கு தரட்டும் என்கின்றன தொலைபேசி நிறுவனங்கள். 'எடைக்குத்தானே கேட்கிறோம்' என்று வாதம். அந்த எடைக்கு நாம் ரீசார்ஜிலேயே டிக்கெட் எடுத்தாயிற்றே, சார்?

அப்பா இப்போது இல்லை. போன மாசம் தம்பியோடு பஸ்ஸில் இறங்கினேன். கண்டக்டர் மூட்டையைத் தட்டினார்.

"என்ன இருக்கு?"

தம்பி நிதானமாகச் சொன்னான்.

"பதினஞ்சு கிலோ இருக்குங்க."