சவர்க்கார நுரை கற்பித்த பாடம்

விழா மலருக்குக் கட்டுரை வரையுமாறு அழைப்புக் கிடைத்தது. கல்லூரியின் பெருமையைப் பேசவல்லார் பலர் உளர். ஆதலின், இங்குக் கற்ற விதியொன்றைப் பத்தாண்டு கழித்து விளங்கிக்கொண்ட கதையையே நாம் கூறத் துணிந்தோம்.

கலவையிலுள்ள ஒவ்வொரு வாயுவும் தான் தனித்திருந்தாற்போலவே அமுக்கத்தை உஞற்றும் என்பது யோன் தாற்றன் கண்ட பகுதியமுக்க விதி. 1966 இல் அதனை மனனஞ் செய்து ஒப்புவித்தோம், புள்ளிகளும் பெற்றோம். விளங்கிவிட்டதென்றே எண்ணியிருந்தோம்.

1976 இல் ஓர் ஆய்வுகூடத்திற் பணியாற்றியபோது, நைதரசனிற் கலந்துள்ள மிகச் சிறிதளவு ஒட்சிசனை அளக்கும் பகுப்பான் ஒன்று வந்து சேர்ந்தது. அதற்கு வாயுக் குழாய் அமைக்கும் பொறுப்பு எம்மைச் சார்ந்தது. உருளையைச் சுவரோடு சங்கிலியாற் பிணித்தோம். உருளையினுள்ளே அமுக்கம் ஏறத்தாழ 150 வளிமண்டலம். பகுப்பானுக்கு வேண்டியதோ நான்கு. உருளை வெறுமையாகுந்தோறும் வெளியமுக்கம் மாறாதிருத்தற்பொருட்டு, இரு படியாக இறக்கும் சீராக்கியைத் தெரிந்தோம். செப்புக் குழாயை அளந்து வெட்டி, வளைத்து, மூட்டுகளைப் பொருத்தியவர் முதியவரான ஓர் உதவியாளர். சீராக்கியோடு சேரும் இறுதி மூட்டை மாத்திரம், அவர் உணவருந்தச் சென்றிருந்த வேளையில், நாமே முறுக்கினோம்.

கருவியின் முள் இறங்கவில்லை. உருளையை மாற்றினோம், பயனில்லை. குழாய் வேலையிற் பிழையென்று அம்முதியவரைப் பலர் முன்னிலையிற் கடிந்தோம். அவர் சினக்கவில்லை. "ஐயா, ஒருக்கால் சவர்க்காரத் தண்ணி பூசிப் பாப்பமே?" என்றார். "உள்ளே நான்கு மடங்கு அமுக்கம் இருக்கின்றது. ஒழுக்கு இருந்தால் நைதரசன் வெளியே போகுமேயன்றிக் காற்று உள்ளே வருமா?" என்று பட்டதாரிச் செருக்கோடு மறுத்தோம்.

மூன்றாம் நாள் அவர் தாமாகவே தூரிகை கொண்டு ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நீரைப் பூசினார். அவர் பொருத்திய மூட்டுகள் அசையாதிருந்தன. நாம் முறுக்கிய மூட்டிலே நுண்ணிய நுரை மெல்ல மெல்ல அரும்பியது. அதனை இறுக்கிக் குழாயினுள் நைதரசனை நெடுநேரம் ஓடவிட்டோம். மாலையில் முள் இறங்கியது.

அப்பொழுதுதான் தாற்றன் விதி எமக்கு விளங்கிற்று. வெளிக்காற்றில் ஒட்சிசனின் பகுதியமுக்கம் ஏறத்தாழ 0.21 வளிமண்டலம், தூய நைதரசன் செல்லும் குழாயிலோ அஃது ஏறக்குறையப் பூச்சியம். மொத்த அமுக்கம் எத்துணை உயர்ந்திருப்பினும், ஒட்சிசன் தன் பகுதியமுக்கம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கியே பரவும். நைதரசன் வெளியேறும் அதே துளையினூடாக ஒட்சிசன் உட்புகுந்தது.

வாயுக் குழாய் அமைக்கப் புகும் மாணவர்க்குச் சில சொல்வோம். உருளையின் வால்வைத் திறக்குமுன் சீராக்கியின் திருகைத் தளர்த்துக. வால்வை மெல்லத் திறக்க. ஒட்சிசன் செல்லுங் குழாயில் எண்ணெய்ப் பசை அணுகவிடாதீர். எல்லாவற்றிற்கும் மேலாக, பிறர் மூட்டை ஐயுறுமுன் உம் மூட்டில் நீர் பூசிப் பார்க்க.

அம்முதியவரைக் கடிந்தது பலர் முன்னிலையில். பொறுத்தருளுமாறு நாம் வேண்டியதோ தனியிடத்தில். அக்குறை இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது. அவர் இன்று இல்லை. பிழை எம்முடையதே என்பதை இம்மலரிலேனும் பலரறியக் கூறி அமைகின்றோம்.