நீங்கள் எவடம்?

வீடு வாங்கிறதெண்டால் முதலில் கிணற்றைப் பார்க்கவேணும். இது அப்பாவின் சட்டம். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு எண்டு ஒன்றில்லை. மழைத்தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது, அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். கடற்கரைப் பக்கம் போகப் போக உவர். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை எல்லாருக்கும் தெரியும். அதனால் அப்பா ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார். மலசலகூடக் குழி எத்தனை அடி தள்ளி இருக்கெண்டு காலால் அளப்பார். வீட்டுக்குள் போவது அதற்குப் பிறகுதான்.

அப்பா மேசன். சுவரில் விரலால் தட்டியே எந்த இடத்தில் பூச்சு கழன்றிருக்கெண்டு சொல்லுவார். ஊரெல்லாம் வீடு கட்டினவர், ஆனால் நாங்கள் இருப்பது வாடகை வீட்டில். அவருடைய ஆக்கள் 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்தவர்கள். அங்கேயும் இருந்தது ஆரோ ஒருவரின் காணியில்தான். காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, உறுதி வைத்திருந்தவர்கள் வேலியைத் தேடிப் போனார்கள். எங்களுக்குத் தேடிப்போக ஒரு குழி நிலமும் இருக்கவில்லை.

போன வருசம் சேமிப்பு, அம்மாவின் நகை, ஒரு வங்கிக் கடன் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு வீடு தேடத் தொடங்கினோம். உறுதி வாசிக்கிற வேலை எனக்கு. கம்பஸ் பிள்ளையாம். அப்படித்தான் 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர் எண்டதெல்லாம் பழகினேன். எங்கட உறுதிகளில் நிலத்தோடு சேர்த்து கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால் பாவனை என்றும் எழுதியிருப்பார்கள். ஒரு கிணற்றில் நாலு வீட்டுக்குப் பங்கு இருக்கும். அதாவது வீட்டை வாங்கிறவர் அயலவரின் தண்ணியிலும் ஒரு பங்கை வாங்குகிறார். பழைய சண்டைகள் ஏன் கிணற்றடியில் தொடங்கின எண்டு எனக்கு விளங்கினது இந்த உறுதிகளை வாசித்த பிறகுதான்.

மூன்றாவதாகப் பார்த்த வீடு மூன்று பரப்புக் காணியில் இருந்தது. பங்குக் கிணறு, நல்ல தண்ணி. சொந்தக்காரர் கனடாவில். அற்றோணித் தத்துவம் வைத்திருந்த உறவினர்தான் வந்து திறந்து காட்டினார். விலையும் எங்களுக்கு ஏறக்குறைய எட்டியது. எல்லாம் காட்டி முடித்துவிட்டுக் கேட்டார்:

"நீங்கள் எவடம்?"

அப்பா ஊரைச் சொன்னார்.

"அங்க எவடத்தில? கோயிலுக்கு முன்பக்கமோ, பின்பக்கமோ?"

அப்பா அதையும் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கனடாவில ஒருக்காக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்" என்றார். நாலு நாளால் தரகர்தான் போன் எடுத்தார். "அண்ணை, வேற பாப்பம். அயலாக்கள் விரும்பேல்லையாம்." அந்த அயலில் இரண்டு வீட்டுக்கு அத்திவாரம் போட்டதே அப்பாதான்.

அப்பா எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அந்தக் கைமரத்தில கறையான் கிடந்தது. வாங்கியிருந்தாலும் கரைச்சல்தான்." நானும் கூட நின்று அண்ணாந்து பார்த்தனான். கறையான் இருக்கவில்லை.

பிறகு தேசவழமைச் சட்டத்தை எடுத்து வாசித்தேன். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த அந்தச் சட்டத்தில், காணி விற்கிறவர் முதலில் ஆரைக் கேட்கவேணும் எண்டு ஒரு வரிசை இருக்கிறது. உரித்தாளர், பங்காளர், அந்தக் காணியை ஈடு பிடித்திருக்கிற அடுத்த காணிக்காரர். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இந்த முன்வாங்கும் உரிமையைக் கூட்டுச் சொந்தக்காரருக்கும் உரித்தாளருக்கும் மட்டும் எண்டு சுருக்கியது. சட்டத்தின்படி அயலவரைக் கேட்கவேண்டிய தேவை எப்போதோ போய்விட்டது. ஒழுங்கையில் இன்னும் கேட்கிறார்கள், ஈடு பிடிக்காத அயலவரையும்.

1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும் இருக்கிறதுதான். ஆனால் "கேட்டுப்போட்டுச் சொல்லுறன்" எண்டதை எந்த நீதிமன்றத்தில் கொண்டுபோய்க் காட்டுவது? ஒருவரும் சாதி எண்ட சொல்லைச் சொல்லவில்லை. கேட்டது கோயிலுக்கு முன்பக்கமோ பின்பக்கமோ எண்டு மட்டும்தான்.

இதை வாசிக்கிற உங்களில் கனபேரின் மாமாவோ பெரியம்மாவோ வெளிநாட்டில் இருப்பார்கள். பூட்டிக் கிடக்கிற அவர்களுடைய வீட்டைத் திறந்து காட்டவும், வட்ஸ்அப்பில் படம் அனுப்பவும் இனி உங்களைத்தான் கேட்பார்கள். பிறகு அங்கிருந்து ஒரு கேள்வி வரும்: "ஆர் ஆக்கள், எவடமாம்?" அதற்கு, "காசு இருக்கு, கடன் சரிவந்திட்டுது, நொத்தாரிசிட்ட எப்ப போறது எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்று நீங்கள் பதில் எழுதலாம். அது சின்ன வேலைதான். ஆனால் அந்த இடத்தில் போனைக் கையில் வைத்திருக்கிறது நீங்கள் மட்டும்தான்.

நாங்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஐந்தாவது வீட்டின் உறுதி இப்போது என் மேசையில் கிடக்கிறது. இரண்டரைப் பரப்பு, தனிக் கிணறு.