அம்பாசிடரின் அடிப்பக்கம்



நம் பழைய அம்பாசிடர் நினைவிருக்கிறதா? மாசி மகத்துக்குப் பூவராகப் பெருமாள் கிள்ளைக்குத் தீர்த்தவாரி போகும்போது அதில்தான் போவோம். கடற்கரை உப்புமணல் அடியில் ஒட்டும். திரும்பி வந்ததும் அலம்ப எனக்குத் தோன்றியதே இல்லை.

துரு தெரிந்ததும், சுரண்டாமல் மேலேயே தார் பூசச் சொன்னேன். தப்பு என்னுடையதுதான். வெளியே பளபளப்பு, உள்ளே ஈரம் சிக்கித் தகட்டை அரித்துவிட்டது. அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, அந்தத் தகடுதான் வண்டியையே தாங்குகிறது. தயாரிப்பும் 2014-லேயே நின்றுவிட்டது.

இப்போது தாரை உரித்து, கம்பி பிரஷ் போட்டு, பொத்தலுக்குத் தகடு வெல்டிங் வைத்து, ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்தாயிற்று. கதவுக்குக் கீழே தண்ணீர் வடியும் துளைகளை நானே குச்சி விட்டுப் பார்த்தேன். போன தடவை தார் அடைத்திருந்தது அவற்றைத்தான்.

வரும் மாசி மகத்துக்கு வண்டி கிள்ளைக்கு வரும். மணலில் இறக்க மாட்டேன்.